அத்தியாயம் 6: கல் இல்லாத நாட்டில் கட்டடம் பயில்வது

திருவையாற்றிலிருந்து வேதாரண்யம் வரை வயல் வரப்பிலேயே நடந்து போகிறவர் வழியில் ஒரு பாறையைக்கூடப் பார்க்க முடியாது. காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல் அவ்வளவு ஆழம். 1010-ல் குடமுழுக்குக் கண்ட தஞ்சைப் பெரிய கோயிலின் கருங்கல் முழுவதும் வெளியூர்ச் சரக்கு. புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்துப் பாறைகளிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அதற்கு முந்தைய தலைமுறையில் செம்பியன் மாதேவி இந்தப் பகுதியின் செங்கல் கோயில்கள் பலவற்றைக் கற்றளியாக மாற்றினார். சாமிக்குக் கல் வந்தது, ஊருக்கு வரவில்லை. ஆற்றுமண், வைக்கோல், உமி, மூங்கில், தென்னங்கீற்று, கிளிஞ்சல் சுண்ணாம்பு ஆகியவற்றை வைத்துத்தான் டெல்டாக்காரர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வீடு கட்டினார்கள்.

கட்டடக்கலை மாணவர்கள் ஆண்டுதோறும் பேருந்து பேருந்தாகத் தஞ்சாவூருக்கு வருகிறார்கள். விமானத்தை அளக்கிறார்கள், அரண்மனையைப் படம் வரைகிறார்கள், போகிற வழியில் செங்கல் காளவாயையும் அரிசி ஆலையின் சாம்பல் மேட்டையும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சுற்றுச்சூழலைக் கெடுக்காத கட்டுமானப் பொருட்களைப் பற்றித் தேர்வில் எழுத வேண்டிய பாடம் அந்த ஜன்னலுக்கு வெளியேதான் இருக்கிறது.

ஐந்தாண்டு பி.ஆர்க். படிப்பில் கட்டுமானப் பொருட்கள் என்ற பாடம் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. பெரும்பாலும் அது ஒரு கண்ணாடி அலமாரியில் முடிந்துவிடும்: ஒரு செங்கல், ஒரு ஃபிளை ஆஷ் கல், ஒரு துண்டு மூங்கில், கீழே பெயர்ச்சீட்டு. எல்லாமே முடிந்த பொருட்கள். மண் எப்போது கல்லாகிறது, சுண்ணாம்பு எத்தனை நாள் ஊற வேண்டும், எந்தக் கலவை கையில் ஒட்டும், எது உதிரும் என்பதெல்லாம் அலமாரியில் தெரியாது. வல்லத்துப் பெரியார் மணியம்மை நிறுவனத்திலும் திருச்சி என்.ஐ.டி.யிலும் கட்டடக்கலை படிப்பவர்களுக்கு இந்த அத்தியாயம் சொல்லும் இடங்கள் பெரும்பாலும் ஒரு நாளில் போய்த் திரும்பும் தூரம். சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ வருபவர்கள் ஒரு வாரம் ஒதுக்க வேண்டும்.

எந்த வாரம் என்பதைக் கல்லூரி நாட்காட்டி முடிவு செய்தால் பயணம் வீண். நெல் முடிவு செய்யட்டும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும்; தண்ணீர் வந்து குறுவை நட்டுவிட்டால் மண்ணெடுக்க இடம் இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காளவாய் ஓடாது. தையில் சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்த பிறகு, மாசி, பங்குனியில்தான் எல்லாம் ஒன்றாகக் கிடைக்கும்: புது வைக்கோல், ஆலையில் உமி, வெடித்துக் கிடக்கும் களிமண், செங்கல் அறுக்கும் கைகள். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை நல்ல காலம்.

முதல் இரண்டு நாளும் மண்ணுக்கு. டெல்டா முழுக்க ஒரே மண் என்று நினைப்பது வெளியூர்க்காரர்களின் வழக்கமான பிழை. ஆற்றோரத்தில் படுகை மண், மணலும் வண்டலும் கலந்தது. உள்ளே தள்ளிப் போனால் கருத்த களி. வேளாண் துறையினர் களத்தூர் வகை என்று பிரித்துச் சொல்லும் இந்த மண் மழையில் உப்பி வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். தஞ்சாவூருக்குத் தென்மேற்கே வல்லம் மேட்டில் ஏறினால் திடீரென்று செம்மண், அடியில் செம்புறாங்கல். கல்லணைக் கால்வாய்ப் பாசனம் 1934-க்குப் பிறகு வந்த ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் மணல் சார்ந்த செம்மண். கடற்கரையை ஒட்டி உப்பேறிய களர். ஒவ்வொன்றிலும் ஒரு சாக்கு, மேல் மண்ணை ஓரடி நீக்கிவிட்டு எடுக்க வேண்டும். வேரும் இலைமக்கும் கலந்த மண் சுவருக்கு ஆகாது. எடுத்த இடத்தைச் சாக்கின் மேலேயே எழுதிவிடுவது நல்லது. ஐந்து சாக்கும் காய்ந்து ஒரே நிறத்துக்கு வந்த பிறகு எது எந்த ஊர் என்று சண்டை வராமல் இருக்கும்.

பரிசோதனைக்கு ஆய்வகம் தேவையில்லை. நேரான பக்கங்கள் கொண்ட ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி மேசையில் வைத்தால் மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்காரும், வண்டல் அரை மணியில், களி மறுநாள் வரை மிதந்துகொண்டிருக்கும். மூன்று படலத்தையும் அளவுகோல் வைத்து அளந்தால் விகிதம் கிடைத்துவிடும். அடுத்தது கை. பிசைந்த மண்ணைச் சுருட்டு மாதிரி உருட்டி, கட்டை விரலால் அழுத்தி நாடாவாக நீட்ட வேண்டும். படுகை மண் இரண்டு விரற்கடை நீள்வதற்குள் அறுந்துவிடும். களத்தூர்க் களி ஒரு சாண் வரை தொங்கும்; கையைக் கழுவினாலும் ரேகையில் ஒட்டிக்கொண்டு வராது.

மூன்றாவது சோதனைக்குத்தான் பொறுமை வேண்டும். 60 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 4 செ.மீ. ஆழத்தில் ஒரு மரப்பெட்டி. உள்ளே எண்ணெய் தடவி, ஈரமண்ணை அடைத்து நிழலில் வைத்து, காய்ந்ததும் எவ்வளவு சுருங்கியது என்று அளக்க வேண்டும். 1956-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் உருவான சின்வா-ராம் என்ற கையழுத்த எந்திரத்தோடு உலகம் சுற்றிய கணக்கு இது: 1.5 செ.மீ.க்குள் சுருங்கினால் 18 பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சிமெண்ட் போதும், 4.5 செ.மீ. தாண்டினால் 12 பங்குக்கு ஒன்று. சுருக்கம் கூடக் கூட சிமெண்ட் கூடும், செலவு கூடும், பசுமைக் கட்டடம் என்ற பேச்சு கரையும். ஆகவே டெல்டாக் களியை அப்படியே அச்சில் போடுவது புத்திசாலித்தனமல்ல. வல்லத்துச் செம்மண்ணையோ மணலையோ கலந்து மெலிய வைக்க வேண்டும், அல்லது சிமெண்டுக்குப் பதில் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். களி அதிகமுள்ள மண்ணுக்குச் சுண்ணாம்பும் மணல் மிகுந்த மண்ணுக்கு சிமெண்டும் பொருந்தும் என்பதைப் புத்தகத்தில் படித்தவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஐந்து பெட்டியில் ஐந்து மண் வெவ்வேறு மாதிரி வெடித்துக் கிடப்பதைப் பார்த்தவர்கள் மறப்பதில்லை.

மண்ணின் நுணுக்கத்தை உச்சத்தில் பார்க்க விரும்புபவர்கள் மாலையில் சுவாமிமலைக்குப் போகலாம். ஸ்தபதிகள் மெழுகுச் சிலைமேல் முதலில் பூசுவது காவிரியின் மெல்லிய வண்டலை. விரல் நகத்தின் கோடுவரை அச்சில் பதியும் அந்த மண்ணுக்குப் பின்னால் அடுத்தடுத்த பூச்சுகள் வரும். எந்தப் பூச்சு எவ்வளவு காய்ந்த பிறகு அடுத்தது என்பதை ஸ்தபதி தொட்டுப் பார்த்துச் சொல்வார். மண்சுவர் பூசுபவருக்கும் அதே கேள்விதான்.

மூன்றாம் நாள் காளவாய். கும்பகோணத்தைச் சுற்றியும் கொள்ளிடக் கரையிலும் நாட்டுச் செங்கல் அறுக்கும் இடங்கள் இருக்கின்றன. விடிவதற்கு முன் போக வேண்டும். வெயில் ஏறினால் அறுப்பு நின்றுவிடும். மாணவர்கள் வேடிக்கை பார்க்கக் கூடாது, உட்கார்ந்து அறுக்க வேண்டும். முதல் பத்துக் கல்லில் ஒன்றாவது மூலை உடையாமல் வந்தால் நல்லது. பக்கத்தில் ஒரு பெண்மணி அதே நேரத்தில் வரிசை வரிசையாகப் பச்சைக்கல்லை அடுக்கிக்கொண்டே போவார். கூலி எப்படி, ஆயிரம் கல்லுக்கு எவ்வளவு, முன்பணம் வாங்கி வந்தவர்களா என்றும் மெதுவாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்த பிறகும் தமிழகச் சூளைகளிலிருந்து ஆட்களை மீட்கும் செய்திகள் வந்துகொண்டிருக்கின்றன. அடுப்பு விறகை மட்டும் கணக்கில் எடுத்து ஒரு பொருளை நல்லது, கெட்டது என்று தீர்ப்பது அரைக்கணக்கு.

வெந்த கல்லை ஒன்றோடொன்று தட்டிச் சத்தம் கேட்பது, நகத்தால் கீறிப் பார்ப்பது, ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு எடைபார்ப்பது ஆகியவை எளிய சோதனைகள். ஐ.எஸ். 1077 சொல்வது, சாதாரணக் கல் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று. காளவாயின் ஓரத்தில் அடுக்கிய கல் அரைவேக்காடாக இருக்கும், அது இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும். லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு செங்கல்லில் கால் பங்கை மிச்சப்படுத்தும் என்பதால் மாணவர்கள் ஆசையாக அதை வரைந்து வருகிறார்கள். டெல்டா நாட்டுக்கல் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. செங்குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விடும் கட்டுக்கு அளவு பிசகாத கல் வேண்டும். வரைவதற்கு முன் நூறு கல்லை அளந்து பார்த்துவிட வேண்டும்.

அங்கிருந்து திரும்பும்போது பாபநாசம் அருகே திருப்பாலைத்துறைக் கோயிலில் இறங்கலாம். அங்கே நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியம் ஒன்று நிற்கிறது. வட்டச் சுவர், மேலே கூம்பி மூடும் கூரை. சுமார் 3000 கலம் நெல் கொள்ளும் என்பார்கள். மரச்சட்டமோ இரும்போ இல்லாமல் செங்கல்லும் சுண்ணாம்பும் மட்டும் நெல்லின் எடையை எப்படித் தாங்கின என்பதை அளவெடுத்துப் புரிந்துகொள்ள ஒரு பிற்பகல் போதும்.

அரிசி ஆலைக்கு அதிக நேரம் வேண்டியதில்லை, ஆனால் கணக்கு சுவையானது. ஒரு டன் நெல்லில் ஏறத்தாழ 200 கிலோ உமி. அது எரிந்தால் ஏறத்தாழ 40 கிலோ சாம்பல். புழுங்கல் ஆலைகள் பாய்லரில் உமியைத்தான் எரிக்கின்றன. சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா. சுண்ணாம்போடு சேர்ந்தால் இறுகும். ஐ.எஸ். 456:2000 கான்கிரீட்டில் உமிச்சாம்பலை அனுமதிக்கிறது. சிக்கல் நெருப்பில் இருக்கிறது. சுமார் 700 டிகிரிக்குக் கீழே எரிந்தால்தான் சிலிக்கா வினைபுரியும் நிலையில் இருக்கும். அதற்கு மேலே போனால் படிகமாகிச் செத்துவிடும், அந்தத் தூசு நுரையீரலுக்கும் கேடு. அரைகுறையாக எரிந்தது கரி மிகுந்து கருப்பாக இருக்கும். மூன்று ஆலைகளின் சாம்பலைத் தனித்தனியாக வாங்கி, முகமூடி போட்டுக்கொண்டு அரைத்துச் சலித்து, நீற்றிய சுண்ணாம்போடு பிசைந்து வில்லை தட்டி, ஒரு வாரம் ஈரத்துணியில் மூடி வைத்துப் பிறகு தண்ணீரில் போட்டால் எது கரைகிறது, எது நிற்கிறது என்று தெரிந்துவிடும். இலவசமாகக் கிடைக்கிறதே என்று எல்லாச் சாம்பலையும் கலவையில் கொட்டுபவர்களுக்கு இந்த ஒரு சோதனை போதும்.

சுண்ணாம்புக்கு மூன்று நாள் தர வேண்டும், இடம் தரங்கம்பாடி. டென்மார்க்காரர்கள் 1620-ல் கோட்டை கட்டிய இந்த ஊரில் 2004 சுனாமிக்குப் பின் இன்டாக் அமைப்பும் டென்மார்க் தேசிய அருங்காட்சியகமும் பழைய கட்டடங்களைப் புதுப்பித்தபோது சுண்ணாம்பு வேலை மறுபடி உயிர்பெற்றது. கடற்காற்றில் உப்பு சுவருக்குள் ஏறுகிறது. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும். பழைய செங்கல்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்பு பூத்து, கல்லே மாவாகும். இரண்டு விதப் பூச்சும் பக்கத்துப் பக்கத்துச் சுவரில் இருக்கும் தெருவில் நின்று பார்த்தால் விளக்கமே தேவைப்படாது.

வேலை நீற்றுவதில் தொடங்குகிறது. சுட்ட கிளிஞ்சலைத் தொட்டியில் பரப்பித் தண்ணீர் தெளித்ததும் சில நொடி ஒன்றும் நடக்காது. பிறகு புசுபுசுவென்று சீறி, ஆவி கிளம்பி, கிளிஞ்சல் வெடித்து வெள்ளை மாவாக உதிரும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் யாரும் கிட்டப் போகக் கூடாது. கண்ணில் தெறித்தால் பார்வை போகும். சலித்த சுண்ணாம்பைத் தண்ணீரில் மூடி இரண்டு வாரமாவது ஊறவிட வேண்டும் என்பதால், மாணவர்கள் வருவதற்கு முன்பே ஒரு தொட்டியை ஊறப்போடச் சொல்லிவிடுவது ஆசிரியரின் வேலை. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டிலிருந்து மூன்று பங்கு மணல். செக்கில் அரைத்தால் கலவை வெண்ணெய் மாதிரி கரண்டியை விட்டு வழுக்கும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை எப்போது, எவ்வளவு விடுவது என்பதில் ஆளுக்கு ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கைப் பேராசிரியரிடம் கேட்காமல் கொத்தனாரிடம் கேட்க வேண்டும். சித்தாள் வேலையை ஒரு நாள் முழுக்கச் செய்த பிறகு கேட்டால் பதில் கூடுதலாகவே வரும். “தம்பி, பூசுறது வேலையில்லை, பூசினதுக்கு அப்புறம் தண்ணி காட்டுறதுதான் வேலை” என்ற ரகமான பேச்சு அப்போதுதான் காதில் விழும்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம், கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர். அங்கே சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலைகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. சுண்ணாம்பு வேக சுமார் 900 டிகிரி, சிமெண்டுக்கு சுமார் 1450. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமெண்ட் கணக்கு. அரியலூர் சிமெண்ட் மூட்டை தஞ்சாவூருக்கு அரை நாளில் வந்துவிடுகிறது, விலையும் கட்டுப்படியாகிறது. உள்ளூர்ப் பொருள் என்று ஒருவர் அதையே சுட்டிக்காட்டினால் பதில் சொல்ல மாணவர் தயாராக இருக்க வேண்டும்.

மணலைப் பற்றி ஒரே ஒரு நிறுத்தம்: முக்கொம்பு. 1836-ல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டிய மேலணையின் ஒன்பது மதகுகள் 2018 ஆகஸ்ட் 22-ல் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. ஆற்றில் அளவின்றி மணல் அள்ளியதுதான் காரணம் என்று விவசாயிகள் குற்றம்சாட்டினார்கள். மணலில் அடித்தளம் போடும் வித்தையைக் கல்லணையைப் பார்த்துக் கற்றதாக எழுதியவர் காட்டன். பூச்சுக்கு எம்-சாண்டா, ஆற்றுமணலா என்ற விவாதத்தை அந்த இடத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

கூரை விஷயத்தில் டெல்டா மாணவரைத் திணறடிக்கும். வைக்கோல் வேய்ந்த கூரையைத் தேடிப் போனால் கிடைக்காது. அறுவடை எந்திரம் தாளை நசுக்கி வெளியே தள்ளுகிறது, புது ரகங்களின் தாளும் குட்டை. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரங்கத்தில் நெல் ஜெயராமன் தொடங்கிவைத்த நெல் திருவிழாவில் கிடைக்கும் மாப்பிள்ளைச் சம்பா போன்ற ரகங்கள் ஆளுயரத்துக்கு வளரும். நீளத் தாள் வேண்டுமென்றால் அந்த நெல்லைக் கையால் அறுக்கும் விவசாயியைப் பிடிக்க வேண்டும். தென்னங்கீற்று எங்கும் கிடைக்கும், இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வந்த இரவில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தில் கீற்றோடு தென்னையும் போயிற்று.

கற்றதைக் கட்டிப் பார்க்காமல் விடக் கூடாது. ஒரு மீட்டர் நீளத்தில் மூன்று சுவர் போதும்: ஒன்று அழுத்திய மண்கல், ஒன்று வைக்கோல் கலந்த களி, ஒன்று செங்கல்லும் சுண்ணாம்பும். கல்லூரி வளாகத்தில் கூரையில்லாத இடத்தில் கட்டி, ஒரு வடகிழக்குப் பருவமழை முழுக்க விட்டுவிட வேண்டும். எது எங்கே அரிக்கிறது என்று மாதம் ஒருமுறை ஒரே கோணத்தில் படம் எடுத்து வைப்பது அடுத்த ஆண்டு மாணவருக்குப் பாடப்புத்தகம். அழுத்திய மண்கல்லில் முறையான பயிற்சி வேண்டுவோருக்கு 1989-ல் தொடங்கிய ஆரோவில் மண் நிறுவனம் இருக்கிறது. வைக்கோல் களிக்கு முன்னுதாரணம் வங்கதேசத்து ருத்ராபூர்: அன்னா ஹெரிங்கரும் ஐக்கே ரோஸ்வாக்கும் 2005-ல் உள்ளூர்க்காரர்களோடு மண்ணும் மூங்கிலும் கொண்டு கட்டிய பள்ளி, 2007-ல் ஆகா கான் விருது பெற்றது. அதுவும் நெல் விளையும் மழை நாடு. மண்சுவரின் அடியில் செங்கல் அடித்தளத்தையும் ஈரத்தடுப்பையும் அவர்கள் விடவில்லை.

கடைசி நாள் வீடுகளுக்குள். நாகப்பட்டினம், திருவாரூர் கிராமங்களில் மண்சுவரும் கீற்றுக்கூரையும் யாருடைய வீடாக இருந்தன என்பது இந்த மண்ணில் சாதாரணக் கேள்வியல்ல. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்தது ஒரு குடிசைக்குள். கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் தம்பதியர் 1981-ல் தொடங்கிய லாஃப்டி அமைப்பு, நிலம் பெற்ற குடும்பங்களுக்கு மண்குடிசைக்குப் பதிலாகச் செங்கல் வீடு கட்டித் தருவதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டது. அந்த வீட்டு அம்மாவிடம் போய் மண்வீடுதான் குளிர்ச்சி என்று வகுப்பெடுக்கும் மாணவருக்கு மரியாதையான சிரிப்பு ஒன்று கிடைக்கும். வெயிலில் உள்ளே எப்படி இருக்கிறது, மழையில் எங்கே ஒழுகுகிறது, எதை மாற்ற ஆசை என்று கேட்டு, தரையில் உட்கார்ந்து எழுதிக்கொள்வது உபயோகமான வேலை.

அரசு 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீடு 360 சதுர அடி, மானியம் 3.5 லட்சம் ரூபாய். 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. மீதி 60 சதுர அடியைத் தீப்பிடிக்காத வேறு கூரையாக வைத்துக்கொள்ளலாம். பயணம் முடிந்து ஒப்படைக்கும் வேலை இந்த 60 சதுர அடியாகவே இருக்கட்டும்: ஒரு வரைபடம், பொருள் எங்கே கிடைக்கும் என்ற பட்டியல், கொத்தனார் கூலியோடு செலவுக் கணக்கு. ஒரு பிரதியை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்து ஓவர்சீயரிடமும் இன்னொன்றைக் கேள்வி கேட்ட வீட்டிலும் கொடுத்துவிட்டு ஊருக்குப் புறப்படுங்கள்.